50 ஓம் கேபிளில் அந்த 50 ஓம் எங்கே இருக்கிறது?

சிங்கப்பூரில் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் ஆண்டெனாக் கேபிள் கேட்டால், பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும் இரண்டு கறுப்புச் சுருள்களை எடுத்து வைப்பார்கள். ஒன்றின் உறையில் ஆர்ஜி-58, 50 ஓம் என்று அச்சிட்டிருக்கும். மற்றதில் ஆர்ஜி-59, 75 ஓம். வீட்டுக்குக் கொண்டுவந்து மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள வலைக்கும் இடையே அளந்தால், இரண்டிலும் இணைப்பே இல்லை என்று காட்டும். நடுக்கம்பியின் இரு முனைகளுக்கு இடையே அளந்தால் ஓர் ஓம்கூடத் தேறாது. ஐந்து மீட்டர் துண்டை வெட்டி ஒரு மீட்டர் ஆக்கினாலும் அதே 50, அதே 75தான்.

அப்படியானால் அந்த எண் எதைச் சொல்கிறது? இதைக் கேட்காமலே பலரும் கேபிளைப் பற்றிப் பேசிவிடுகிறார்கள். "ஓம் கூடினால் சிக்னல் குறையும்." "கம்பிதானே, எதுவாக இருந்தால் என்ன?" "எஸ்டபிள்யூஆர் (திரும்பி வரும் அலையை அளக்கும் எண்) 1 என்று காட்டுகிறது, ஆண்டெனா அருமை." மூன்றும் தவறு. மூன்றுக்கும் தாய் ஒன்றுதான்: கேபிளைத் தண்ணீர்க் குழாயாக நினைத்துக்கொள்வது.

கம்பி எப்போது வெறும் கம்பியாக இருப்பதில்லை

வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. விநாடிக்கு எத்தனை ஊசல் என்பதே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். ஒரு முழு ஊசல் முடிவதற்குள் அலை கடக்கும் தூரம் அலைநீளம். வெட்டவெளியில் அலையின் வேகம் ஒளியின் வேகம்தான், விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். 50-ஆல் வகுத்தால் 6,000 கிலோமீட்டர் வருகிறது. துவாஸிலிருந்து சாங்கி வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அலைநீளத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே தீவின் இரு கோடிகளிலும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் ஏறி, ஒரே கணத்தில் இறங்குகிறது. இங்கே கம்பி வெறும் கம்பி. நீளத்தைப் பற்றிய கவலை இல்லை. மின்தடையைப் பார்த்தால் போதும்.

இப்போது சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8-க்கு வாருங்கள். 96.8 மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 9 கோடியே 68 லட்சம் ஊசல். அலைநீளம் 3.1 மீட்டர். ஜன்னலில் உள்ள ஆண்டெனாவிலிருந்து கூடத்துக்கு 6 மீட்டர் கேபிள் இழுத்தால், அந்தக் கேபிளுக்குள் ஒரே கணத்தில் இரண்டு மூன்று மேடுகளும் பள்ளங்களும் வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு முனையில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது, சற்றுத் தள்ளி அது சுழியத்தில் இருக்கும். "இந்தக் கம்பியில் இப்போது எத்தனை வோல்ட்?" என்று கேட்டால், "எந்த இடத்தில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இப்படி அலை நடமாடும் அளவுக்கு நீண்டுவிட்ட இரட்டைக் கடத்திக்குத்தான் டிரான்ஸ்மிஷன் லைன் என்று பெயர். இங்கே அலைத்தடம் என்று சொல்லிக்கொள்வோம். தோராய விதி ஒன்று உண்டு: நீளம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அது அலைத்தடம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். அங்கே ஒன்றரை சென்டிமீட்டர் கம்பிக்கே இந்தச் சட்டம் வந்துவிடுகிறது.

கிரில் கதவில் கட்டிய கயிறு

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் உள்ள இரும்புக் கிரில் கதவில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து ஒருமுறை மேலே உதறுங்கள். ஒரு மேடு கதவை நோக்கி ஓடும். கயிற்று நார் எதுவும் உங்கள் கையை விட்டுக் கதவுக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. ஆனால் உங்கள் கையின் ஆற்றல் கதவை எட்டிவிடுகிறது.

கதவு அசையாது. அதனால் மேடு தலைகீழாகப் பள்ளமாகித் திரும்பி வரும். கயிற்றைக் கதவில் நேராகக் கட்டாமல், இடையே ஒரு மெல்லிய நூலைக் கொடுத்துக் கட்டினால், முனை தாராளமாக ஆடும். மேடு மேடாகவே திரும்பும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. மறுமுனையில் ஒருவர் நின்று, கயிறு இன்னும் நீண்டு போயிருந்தால் எப்படி அசைந்திருக்குமோ அப்படியே கையை அசைத்துக் கொடுத்தால், ஆற்றல் முழுவதும் அவர் கைக்குப் போய்விடும். எதுவும் திரும்பாது. ரேடியோக்காரர்கள் மேட்சிங் என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பருத்த கயிற்றை உதற அதிக விசை வேண்டும், மெல்லியதற்குக் குறைவு. அந்த விசை கயிற்றின் பருமனையும் இழுவிசையையும் பொறுத்தது. கயிறு 5 மீட்டரா 50 மீட்டரா என்பது, திரும்பி வரும் மேடு கையைத் தொடும்வரை உங்கள் கைக்குத் தெரியவே தெரியாது. 50 ஓம் புதிரின் விடை பாதி இங்கேயே வந்துவிட்டது.

சுருக்கமாக: அலைத்தடத்தில் பொருள் பயணம் செய்வதில்லை, அசைவுதான் பயணம் செய்கிறது. முனையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அது விழுங்கப்படும், அல்லது நேராகவோ தலைகீழாகவோ திரும்பும்.

ஆற்றல் போகும் பாதை

ஒரு கோஆக்சியல் கேபிளை வெட்டிப் பாருங்கள். நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பாலித்தீன், அதன் மேல் பின்னிய செம்பு வலை, வெளியே கறுப்பு உறை. வெள்ளைப் பாலித்தீன் கம்பியும் வலையும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க வைத்த அடைப்புப் பொருள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் ஆற்றல் போகும் நெடுஞ்சாலை அதுதான்.

கம்பிக்கும் வலைக்கும் இடையே மின்னழுத்தம் இருந்தால், நடுவே மின்புலம் நிரம்பும். இப்படி மின்புலமாகச் சேமிக்கும் திறன் மின்தேக்குத்திறன். கம்பியில் மின்னோட்டம் இருந்தால், அதைச் சுற்றிக் காந்தப்புலம் வளையும். காந்தப்புலமாகச் சேமிக்கும் திறன் மின்தூண்டல். கேபிளின் ஒவ்வொரு சிறு துண்டிலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. முதல் துண்டின் மின்புலம் நிரம்பியதும், அது அடுத்த துண்டுக்குள் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. அந்த மின்னோட்டம் காந்தப்புலத்தை எழுப்புகிறது. அது அடுத்த துண்டின் மின்புலத்தை நிரப்புகிறது. தீயணைக்க வரிசையில் நின்று வாளி மாற்றுவது போன்ற வேலை. ஆள்கள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள், வாளி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

செம்புக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள்? ஆர்ஜி-58 அளவுள்ள நடுக்கம்பியில் 1 ஆம்பியர் நேர்மின்சாரம் ஓடினால், அவை விநாடிக்குச் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகரும். நத்தை வென்றுவிடும். 100 மெகாஹெர்ட்ஸில் அவை முன்னும் பின்னும் ஆடும் தூரம் ஓர் அணுவின் அகலத்தைக்கூட எட்டாது. இந்த எலக்ட்ரான்கள் ஆற்றலைச் சுமந்துகொண்டு ஆண்டெனாவுக்கு ஓடுகின்றன என்று சொல்ல எந்த வழியும் இல்லை. ஆற்றல் பாய்வது புலங்கள் வழியே என்பதை 1884-இல் ஜான் ஹென்றி பாய்ண்டிங் கணக்கிட்டுக் காட்டினார். செம்பின் பங்கு, அந்தப் புலங்களுக்குக் கரை கட்டுவது. கரை வழுவழுப்பாகவும் ஒரே அகலத்திலும் இருந்தால் அலை நிம்மதியாகப் போகும்.

இப்போது அந்த 50

ஆர்ஜி-58-இல் ஒரு மீட்டருக்கு மின்தேக்குத்திறன் சுமார் 100 பிக்கோஃபாரட், மின்தூண்டல் சுமார் 250 நானோஹென்றி. மின்தூண்டலை மின்தேக்குத்திறனால் வகுத்தால் 2,500. அதன் வர்க்கமூலம் 50. அலை முன்னோக்கிப் போகும்போது, அதன் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் இது. இதற்கு இயல்பு மின்மறுப்பு என்று பெயர். 5 வோல்ட் அலையை அனுப்பினால் 0.1 ஆம்பியர் அதோடு சேர்ந்து போகும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்ததால் ஓம் என்ற அலகு வந்ததே தவிர, இதில் எதுவும் சூடாகி வீணாவதில்லை.

மல்ட்டிமீட்டர் ஏன் காட்டவில்லை? அது காட்டத்தான் செய்திருக்கும், நாம் பார்க்க முடியாத வேகத்தில். 100 மீட்டர் சுருளின் முனையில் மீட்டரை வைத்த கணத்தில், அலை புறப்பட்டு மறுமுனைக்குப் போய்த் திரும்ப 1 மைக்ரோவிநாடி ஆகும். அந்த ஒரு மைக்ரோவிநாடிக்கு மீட்டர் உண்மையாகவே 50 ஓமைச் சந்திக்கிறது. திரும்பி வந்த அலைதான் "அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை" என்ற செய்தியைக் கொண்டுவருகிறது. உங்கள் கண் திரையைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்து, இணைப்பில்லை என்று நிற்கிறது.

இந்த எண்ணைத் தீர்மானிப்பவை இரண்டே: வலையின் உள்விட்டத்துக்கும் கம்பியின் விட்டத்துக்கும் உள்ள விகிதம், இடையே உள்ள பொருள். கம்பி மெலிந்தால் ஓம் கூடும். வலை நெருங்கி வந்தால் குறையும். இடையே காற்று மட்டும் இருந்தால், 77 ஓம் அருகே இழப்பு மிகக் குறைவு; 30 ஓம் அருகே தாங்கும் சக்தி மிக அதிகம். ஒலிபரப்பும் கருவிகளில் வேரூன்றிய 50 இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். வாங்கிக்கொள்ள மட்டுமே செய்யும் தொலைக்காட்சிக்கு 75. ஆகவே 75 என்பது 50-ஐவிடத் தாழ்ந்ததும் இல்லை, உயர்ந்ததும் இல்லை.

வேகத்தையும் இடையே உள்ள பொருள்தான் முடிவுசெய்கிறது. கெட்டிப் பாலித்தீனில் அலை, ஒளி வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் போகிறது. இந்தப் பின்னம் வேகக் காரணி: ஆர்ஜி-58-க்கு 0.66, நுரைப் பாலித்தீன் உள்ள தொலைக்காட்சிக் கேபிளான ஆர்ஜி-6-க்கு 0.82 முதல் 0.85 வரை. 96.8-இன் 3.1 மீட்டர் அலைநீளம் ஆர்ஜி-58-க்குள் 2 மீட்டராகச் சுருங்குகிறது. கேபிள் துண்டை அளந்து வெட்டும் வேலையில் புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

இடைவெளியை நிரப்பிய மரம்

இடையே உள்ள பொருளின் கதையில் சிங்கப்பூருக்கு ஒரு பங்கு உண்டு. மலாய் மக்கள் பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்யப் பயன்படுத்திய தாபான் மரத்தின் பால், வெந்நீரில் இளகி ஆறினால் கெட்டியாகும். இங்கே மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி 1843-இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கட்டாபெர்ச்சா என்ற அந்தப் பொருள் கடல் நீரில் கெடாது என்று தெரிந்ததும், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதுவே காப்புறை ஆனது. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த தந்திக் கம்பியும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். இந்தத் தேவை தீவின் தாபான் மரங்களை ஏறக்குறைய வழித்தெடுத்துவிட்டது.

குழாய்க் கற்பனைக்கு வரலாறு கொடுத்த விலையும் இதே கம்பிகளில் இருக்கிறது. 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் கம்பியில் விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்துச் செய்தி போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. தண்ணீர் மெதுவாக வந்தால் அழுத்தத்தைக் கூட்டு என்பது போல, பொறுப்பிலிருந்த வைட்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ட்டைக் கொடுத்தார். கம்பி சில வாரங்களில் செத்தது. செய்தி மெதுவாகப் போனதன் காரணம், கம்பிக்கும் கடலுக்கும் இடையே நிரம்பி வடிய வேண்டியிருந்த மின்புலத்தில் இருந்தது. மின்தேக்குத்திறனோடு மின்தூண்டலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதைப் பின்னாளில் தெளிவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைட். 1880-இல் கோஆக்சியல் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியவரும் அவரே. 1933-இல் கண்டுபிடிக்கப்பட்ட பாலித்தீன், பிறகு கட்டாபெர்ச்சாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

திரும்பி வரும் அலை

50 ஓம் தடத்தில் வரும் அலை 5 வோல்ட்டுக்கு 0.1 ஆம்பியர் என்ற விகிதத்தைச் சுமந்து வருகிறது. முனையில் 50 ஓம் ஆண்டெனா இருந்தால் கணக்கு சரி, ஆற்றல் இறங்கிவிடும். 75 ஓம் இருந்தால், அதன் விகிதம் வேறு. ஒத்துப்போகாத பங்கு எங்கேயாவது போயாக வேண்டும். வந்த வழியே திரும்புகிறது.

எவ்வளவு திரும்பும் என்பது எளிய கணக்கு. முனையின் ஓமிலிருந்து தடத்தின் ஓமைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். 75 கழித்தல் 50, கீழே 125: விடை 0.2. இது மின்னழுத்தத்தின் பங்கு. சக்திக்கு அதை வர்க்கப்படுத்தினால் 0.04. அதாவது 4 விழுக்காடு திரும்பும், 96 விழுக்காடு உள்ளே போகும். 50 ஓம் கருவியில் 75 ஓம் கேபிள் மாட்டிவிட்டோமே என்று தூக்கம் கெடத் தேவையில்லை என்பது இதனால்தான். பழைய 300 ஓம் பட்டைக் கம்பியை 75 ஓம் தொலைக்காட்சியில் நேராக மாட்டினால் கதை வேறு: 225-ஐ 375-ஆல் வகுத்தால் 0.6, சக்தியில் 36 விழுக்காடு திரும்பிவிடும்.

போகும் அலையும் திரும்பும் அலையும் ஒரே தடத்தில் மோதும்போது, சில இடங்களில் ஒன்றுக்கொன்று கைகொடுத்து உயரும், சில இடங்களில் அழித்துக்கொள்ளும். நகராமல் நின்ற இடத்தில் நிற்பது போன்ற இந்தக் கோலம் நிலை அலை. அதன் உச்ச மின்னழுத்தத்தைத் தாழ்ந்த மின்னழுத்தத்தால் வகுத்தால் வருவதே எஸ்டபிள்யூஆர். எதுவும் திரும்பாவிட்டால் 1. மேலே சொன்ன 4 விழுக்காட்டுக்கு 1.5, 36 விழுக்காட்டுக்கு 4. இரண்டுக்கு 11 விழுக்காடும் மூன்றுக்கு 25 விழுக்காடும் திரும்பும்.

திரும்பிய சக்தி அப்படியே நஷ்டம் என்பது இன்னொரு வதந்தி. அது கருவி முனையில் மறுபடி திருப்பி அனுப்பப்பட்டால், மீண்டும் ஆண்டெனாவுக்குப் போகும். கணக்கில் உண்மையாகக் கழிவது, ஒவ்வொரு நடையிலும் கேபிளில் வெப்பமாகிப் போகும் பங்கு மட்டுமே. திரும்பும் அலை கூடினால் பல ஒலிபரப்புக் கருவிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். "எஸ்டபிள்யூஆர் ஏறினால் சத்தம் போய்விடுகிறது" என்பதன் காரணம் பெரும்பாலும் அதுதான்.

நல்ல எண் காட்டும் கெட்ட கேபிள்

இழப்பை டெசிபலில் சொல்வார்கள். 3 டெசிபல் இழப்பென்றால் பாதி மிஞ்சும். 10 என்றால் பத்தில் ஒரு பங்கு. 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2 டெசிபல் தின்றுவிடும். 5 வாட் அனுப்பினால் 3 வாட்டுக்குச் சற்று அதிகமாக ஆண்டெனாவை எட்டும். அதே கேபிளில் 435 மெகாஹெர்ட்ஸ் என்றால் பாதிக்கும் குறைவு. பருத்த ஆர்ஜி-213 போட்டால் 145-இல் 4 வாட்டுக்கு மேல் போய்ச் சேரும். அதிர்வெண் ஏற ஏற, மின்னோட்டம் செம்பின் மேல்தோலிலேயே ஒதுங்குவதால் இழப்பும் ஏறுகிறது. 100 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் 150-இல் ஒரு பங்கு.

இப்போது ஒரு விபரீதம். ஒருவழி இழப்பு 3 டெசிபல் உள்ள கேபிளின் மறுமுனையில் ஆண்டெனாவே இல்லை, முனை திறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பாதி கரைகிறது, திரும்பும்போது அதில் பாதி கரைகிறது. மீட்டருக்கு நாலில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. மீட்டர் காட்டுவது 3. ஆண்டெனா இல்லாமலேயே! இழப்பு 10 டெசிபல் ஆனால் நூறில் ஒரு பங்கு திரும்பும், மீட்டர் ஏறத்தாழ 1.2 என்று சிரிக்கும். தண்ணீர் புகுந்த பழைய கேபிள் வருடா வருடம் "முன்னைவிட நல்ல" எண்ணைக் காட்டும் மர்மம் இதுதான். எஸ்டபிள்யூஆரை முடிந்தவரை ஆண்டெனா முனையிலேயே அளக்க வேண்டும். முடியாவிட்டால், மறுமுனையில் எதையும் மாட்டாமல் ஆண்டெனா அனலைசர் போன்ற சிறு சக்திக் கருவியால் ஒருமுறை அளந்து பாருங்கள். எண் மிகப் பெரிதாக வராவிட்டால் கேபிள் தின்கிறது என்று பொருள். ஒலிபரப்பும் கருவியை அப்படி வெற்று முனையில் முழுச் சக்தியோடு இயக்காதீர்கள்.

சுருக்கமாக: எஸ்டபிள்யூஆர் சொல்வது, அளக்கும் இடத்துக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்பதை. காற்றில் எவ்வளவு போனது என்பது அதற்குத் தெரியாது.

51 சென்டிமீட்டர் துண்டு செய்யும் வேலை

கால் அலைநீளத் துண்டு ஒன்று இதையெல்லாம் காதால் கேட்க வைக்கும். வெளி ஆண்டெனா மாட்டும் கோஆக்ஸ் துளை உள்ள எஃப்எம் ரேடியோ வேண்டும். ஆண்டெனா கேபிளில் ஒரு டி-இணைப்பியைப் போட்டு, அதன் மூன்றாவது வாயில் ஆர்ஜி-58 துண்டு ஒன்றை மாட்டுங்கள். நீளம்: 3.1 மீட்டரில் கால் பங்கு 77.5 சென்டிமீட்டர், 0.66-ஆல் பெருக்கினால் 51. மறுமுனை திறந்தே இருக்கட்டும். இரண்டு சென்டிமீட்டர் அதிகமாக வெட்டிக்கொண்டு, அரை அரை சென்டிமீட்டராகக் குறைத்து வாருங்கள். ஒரு சென்டிமீட்டர் குறைத்தால், அடிபடும் அதிர்வெண் 2 மெகாஹெர்ட்ஸ் அளவு மேலே நகரும்.

சரியான நீளத்தில் 96.8 இரைச்சலில் மூழ்கத் தொடங்கும். திறந்த முனைக்குப் போன அலை, போக ஒரு கால், வர ஒரு கால் என அரை அலைநீளம் நடந்து, நேர் எதிர்க் கட்டத்தில் திரும்பி வருகிறது. வரும் சிக்னலை இணைப்பிலேயே அழித்துவிடுகிறது. மறுமுனையில் திறந்து கிடப்பது, இந்த முனையில் நேரடிக் குறுக்கிணைப்பாக (ஷார்ட்) தெரிகிறது. இங்குள்ள நிலையங்கள் வலுவானவை என்பதால் முழு மௌனம் கிடைக்காமல் போகலாம். பக்கத்து நிலையங்களும் ஓரளவு மங்கும். துண்டைக் கழற்றியதும் எல்லாம் பழையபடி.

இதை வைத்து ஒரு வீட்டுப் புகாரைத் தீர்க்கலாம். ஒரே ஆண்டெனாக் கேபிளிலிருந்து இரண்டு தொலைக்காட்சிகளுக்குக் கம்பியை முறுக்கிப் பிரித்திருப்பார்கள். இரண்டு 75 ஓம் பக்கம் பக்கமாகச் சேர்ந்தால் 37.5 ஓம், திரும்புவது 11 விழுக்காடுதான். படம் வந்துவிடும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒருநாள் படுக்கையறைத் தொலைக்காட்சியைக் கழற்றி எடுத்ததும், கூடத்தில் சில சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போகும். தொங்கும் 5 மீட்டர் கேபிள் இப்போது திறந்த முனைத் துண்டு. ஆர்ஜி-6 கேபிளானால் அது ஏறத்தாழ 25 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முறை சிக்னலில் குழி பறிக்கும். 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள டிஜிட்டல் அலைவரிசை ஒன்று அந்தக் குழியில் விழுந்தால், அதில் சேர்ந்து வரும் எல்லாச் சேனல்களும் ஒன்றாகப் போகும். 2019-இன் தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்படும்வரை, இப்படிப்பட்ட கோளாறு புள்ளியாகவோ நிழலாகவோ முன்கூட்டியே தெரியும். டிஜிட்டலில் தமிழ்ச் சேனலான வசந்தம் ஒன்றில் தெளிவாக வரும், இல்லையேல் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

இதற்கு மருந்து, சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி. ஒவ்வொரு வாய்க்கும் சுமார் 3.5 டெசிபல் இழப்புத்தான், ஆனால் ஒரு வாயில் நடப்பது மற்றதை அண்டாது. பயன்படுத்தாத வாயில், வரும் அலையை விழுங்கிவிடும் 75 ஓம் முடிப்பியைத் திருகி மூடுங்கள்.

எங்கே கெடுகிறது

கேபிளின் நோய்கள் பெரும்பாலும் செம்பில் வருவதில்லை, நடுவே உள்ள இடைவெளியில் வருகின்றன. ஜன்னல் சட்டத்தில் நசுங்கினால் வலை கம்பியை நெருங்கி, அந்த இடத்தில் மட்டும் ஓம் குறைந்து அலை திரும்பும். வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தைப் போலப் பத்து மடங்காவது இருக்கட்டும். 7 மில்லிமீட்டர் ஆர்ஜி-6-க்கு 7 சென்டிமீட்டர். கேபிள் கட்டும் பட்டையை இறுக்கி நெரிப்பதும் நசுக்குவதுதான்.

தண்ணீர் எல்லாவற்றையும்விடக் கொடியது. மின்புலத்தைச் சேமிக்க உதவும் அளவில் பாலித்தீனின் எண் 2.25, தண்ணீருடையது ஏறத்தாழ 80. நம் ஊர் மழையிலும் வெயிலிலும் உறை வெடித்து ஒரு துளி புகுந்தால், வலை அதைத் திரிபோல உறிஞ்சி மீட்டர் கணக்கில் இழுத்துச் செல்லும். செம்பு பச்சை பிடிக்கும். வெளியே உள்ள இணைப்பியின் மேல், தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண நாடாவையும் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் அங்கிருந்து சொட்டிவிடும். புகுந்த தண்ணீரைக் காயவைத்துக் கேபிளை மீட்கலாம் என்று நினைக்க வேண்டாம். வலையில் கறுப்போ பச்சையோ தெரிந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டுங்கள். வரவே இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள்.

ஆர்ஜி-6-இல் எஃப் இணைப்பி (தொலைக்காட்சிக் கேபிளின் திருகு முனை) போடும்போது நடுக்கம்பியை 6 மில்லிமீட்டரும், அடுத்து வலையை 6 மில்லிமீட்டரும் வெளிக்காட்டுங்கள். வலையை உறைமேல் மடித்துவிட்டு இணைப்பியைத் தள்ளுங்கள். வெள்ளைப் பாலித்தீன் உள்ளே விளிம்போடு சமமாக நிற்க வேண்டும், நடுக்கம்பி இணைப்பியின் வாயைத் தாண்டி 2 மில்லிமீட்டர் நீட்டியிருக்க வேண்டும். வலையின் ஒரே ஒரு இழை தப்பி நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் இல்லை. இதை மல்ட்டிமீட்டர் கண்டுபிடித்துவிடும், ஆனால் இருபுறமும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். மடிப்பு டைபோல் போன்ற ஆண்டெனாக்கள் நேர்மின்சாரத்துக்குக் குறுக்கிணைப்பாகவே தெரியும். அதைப் பார்த்து நல்ல ஆண்டெனாவைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

கடைசியாக, வலையின் வெளிமுகம். மின்னோட்டம் தோலோடு ஒட்டி ஓடுவதால், ஒரே வலையின் உள்முகமும் வெளிமுகமும் இரண்டு தனிக் கடத்திகளாக நடந்துகொள்கின்றன. உள்முகத்துக்கும் நடுக்கம்பிக்கும் இடையேதான் நமக்கு வேண்டிய அலை. ஆண்டெனா முனையில் சமநிலை கெட்டால், ஒரு பகுதி மின்னோட்டம் வெளிமுகத்தில் ஏறிக்கொண்டு வீட்டுக்குள் வரும், கேபிளே ஆண்டெனாவாகிவிடும். கேபிளைக் கையால் பிடித்ததும் எஸ்டபிள்யூஆர் மாறினால் அதுதான் காரணம். ஆண்டெனாவின் அடியிலேயே கேபிளை ஐந்தாறு சுற்று சுருட்டிக் கட்டுங்கள், அல்லது அந்த அதிர்வெண்ணுக்கு ஏற்ற ஃபெரைட் வளையங்களைக் கோத்துவிடுங்கள். பிறகு மறுபடி பிடித்துப் பாருங்கள், முள் அசையக் கூடாது.